முரட்டு மீன் உள்ள தொட்டியைச் சுத்தம் செய்யும் முறை

ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கார், அரோவானா, விரால் போன்ற முரட்டு மீன்கள் வளரும் தொட்டியில் செய்யும் பராமரிப்பு வேலைகள் இரண்டு வகைப்படும். கையைத் தண்ணீரில் நனைக்காமலே முடிக்கக்கூடியவை ஒரு வகை: கண்ணாடிப் பாசியைத் துடைப்பது, அடிக்கழிவை உறிஞ்சுவது, தண்ணீர் மாற்றுவது. கையை விட்டே ஆகவேண்டியவை மற்றொன்று: கல்லை நகர்த்துவது, உள் பில்டரைக் கழற்றுவது, ஹீட்டரை இடம் மாற்றுவது. முதல் வகைக்கு நீளமான கருவி போதும். இரண்டாம் வகைக்கு, மீனைத் தடுப்புப் பலகையால் ஒரு பக்கம் ஒதுக்கிய பிறகே கை உள்ளே போகவேண்டும். கடி, வால் அடி, மீன் துள்ளித் தரையில் விழுவது ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியை மீறுவதால் வருபவை.

எந்த மீனிடம் என்ன கவனம்

ஃப்ளவர்ஹார்ன் ஆற்றில் பிறந்த மீனன்று. 1990களில் மலேசியாவில் நடு அமெரிக்க சிக்லிட் இனங்களைக் கலந்து உருவாக்கப்பட்டது. தொட்டி முழுவதையும் தன் எல்லையாகவே அது கருதும். ஆகவே உள்ளே வரும் கை அதற்கு இன்னொரு மீன்தான். பாய்வதற்கு முன் சில அடையாளங்களைக் காட்டும். செவுள் மூடி விரியும், நிறம் கறுக்கும், தலையைச் சற்றுத் தாழ்த்தி உடலை நெளிக்கும், வாலால் கண்ணாடிப் பக்கம் தண்ணீரைத் தள்ளும். இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் கையை வெளியே எடுத்துவிடவேண்டும். பற்கள் சிறியவை, விரலைத் துண்டிக்காது, ஆனால் தோலைச் சிராய்த்து ரத்தம் வரவைக்கும். பெரிய கேடு வேறு வழியில் வருகிறது: கடிபட்டவர் கையைச் சட்டென்று இழுப்பதில் கல் சரிந்து கண்ணாடி விரிசல் விடுவதும், ஹீட்டர் உடைவதும் உண்டு. முட்டையைக் காக்கும் ஜோடியானால் முரட்டுத்தனம் இரு மடங்கு. குஞ்சுகள் தனியே நீந்தத் தொடங்கும்வரை அந்தத் தொட்டியில் தண்ணீர் மாற்றுவதைத் தவிர வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

சென்னைக் கொளத்தூர் கடைகளில் விரல் நீளக் குஞ்சாக விற்கப்படும் ஆஸ்கார், நல்ல தீனி கிடைத்தால் ஓராண்டில் ஒரு அடியை நெருங்கிவிடும். ஃப்ளவர்ஹார்னைப் போல் ஓயாமல் பாயாது. ஆனால் தொட்டிக்குள் கல், கட்டை இடம் மாறினால் கோபித்துக்கொண்ட குழந்தைபோல் ஒரு மூலையில் சாய்ந்து படுத்து இரண்டு நாள் தீனி எடுக்காது. நோய் என்று நினைத்து அப்போது மருந்து ஊற்றுவதுதான் தவறு; விட்டுவிட்டால் தானே தேறும்.

'பிரானா' என்ற பெயரில் கைமாறும் சிவப்பு வயிற்று மீன்களில் பல உண்மையில் ரூப்சந்த். அரிவாள் விளிம்புபோன்ற பிரானா பல்லுக்குப் பதிலாக இதற்குக் கொட்டை உடைக்கும் தட்டையான பல் இருக்கும். சாதுவான மீன் என்று விரலை நீட்டுவது கூடாது. கொட்டையை உடைக்கும் தாடை நகத்தையும் நசுக்கும். திடுக்கிட்டால் மொத்தக் கூட்டமும் கண்ணாடியில் மோதும்.

விரால், அரோவானா இரண்டுக்கும் வாயைவிடத் துள்ளல்தான் அபாயம். மூடி திறந்த அந்த ஒரு நிமிடத்தில் வெளியே போய்விடும். ஃபைட்டரும் துள்ளும், அதன் கடி பொருட்படுத்தத் தக்கதன்று.

ஓடையில் பிடித்து வீட்டுத் தொட்டியில் விடப்படும் கெளுத்தி, தேளி வகைகள் கடிப்பதில்லை, குத்துகின்றன. மார்புத் துடுப்பின் முன்முள்தான் முக்கிய ஆயுதம். தேளியின் முள்ளில் நஞ்சு உண்டு. வலி கடுமையாக இருக்கும். இவற்றை வலையால் பிடித்தால் முள் வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும். விடுவிக்கப் போகும் விரலில் ஏறும். டப்பாவால் மட்டுமே பிடிக்கவேண்டும். பஃபர் மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கவே கூடாது. காற்றை விழுங்கி உப்பினால் அதை வெளியேற்ற முடியாமல் செத்துப்போகக்கூடும்.

கையைத் தேடி வரும் பழக்கம்

கொல்லிமலை வளப்பூர் நாட்டில், பெரியகோவிலூர் அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றில் பக்தர்கள் மீன்களுக்கு உணவு போடுவது வழக்கம். அங்குள்ள மீன்களை யாரும் பிடித்து உண்பதில்லை. அறுத்த மீன் மீண்டும் ஒன்றுசேர்ந்து நீந்திப்போனதாகத் தலவரலாறு சொல்லும். தீனி போடுகிற மனிதர் நிழல் தெரிந்ததும் கரையோரம் கூடுவது இப்படிப் பழகிய மீன்களின் இயல்பு. வீட்டுத் தொட்டியிலும் நடப்பது இதுதான். விரலில் புழுவைப் பிடித்து ஊட்டி வளர்த்த ஆஸ்காருக்கு விரலும் புழுவும் ஒன்றே. அது சண்டைக்கு வருவதில்லை, சாப்பிட வருகிறது. இந்த வேறுபாடு தெரிந்தால் பாதி வேலை எளிது.

குறிப்பு: தீனி எப்போதும் தொட்டியின் ஒரே மூலையில், இடுக்கியாலோ சிறு கரண்டியாலோ போடப்படவேண்டும். சுத்தம் செய்யும் கை எதிர்மூலையிலிருந்து நுழையவேண்டும். சில வாரங்களில் மீன் இரண்டையும் பிரித்தறியும். வேலைக்குச் சற்று முன் சிறிது தீனி போட்டுப் பசியாற்றுவது தீனிக்காக வரும் மீனுக்குப் பயன்படும். எல்லைக்காகப் பாயும் ஃப்ளவர்ஹார்னுக்குப் பயன்படாது. வலையில் பிடித்து வேறிடம் மாற்ற வேண்டியிருந்தால் அன்று தீனியே போடக்கூடாது. வயிறு நிறைந்த மீன் அலைச்சலில் கக்கித் தண்ணீரைக் கெடுக்கும்.

மலைமேல் உள்ள தொட்டிக்குத் தனிக் கவனம்

சமவெளிக்காக எழுதப்பட்ட குறிப்புகளைக் கொல்லிமலை போன்ற மலைப்பகுதியில் அப்படியே பின்பற்ற முடியாது. காரணம் மூன்று.

முதலாவது குளிர். மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும்; வாளியில் பிடித்து வைத்த தண்ணீரும் காலையில் அதே குளிரில் இருக்கும். ஃப்ளவர்ஹார்னும் ஆஸ்காரும் கேட்பது 26 முதல் 28 டிகிரி. பச்சைத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதிர்ச்சி, அதைத் தொடர்ந்து வெண்புள்ளி நோய். புதுத் தண்ணீருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு 2 டிகிரியைத் தாண்டக்கூடாது. வெந்நீரை வாளியிலேயே கலந்து, வெப்பமானியால் பார்த்த பிறகே ஊற்றவேண்டும். கையால் தொட்டுப் பார்த்து முடிவுசெய்வது மலைக்குளிரில் ஏமாற்றும். விறைத்த விரலுக்கு 20 டிகிரியும் வெதுவெதுப்பாகத் தோன்றும்.

இரண்டாவது காற்று. ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், அதே வெப்பநிலையிலுள்ள தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் கடற்கரையைவிட எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். பெரிய மீன், சூடாக்கிய தண்ணீர், நிறுத்தி வைத்த பில்டர் மூன்றும் சேரும் நேரம் சுத்தம் செய்யும் நேரம். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் குமிழி ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது தண்ணீர். பாறை ஊற்று நீரில் கரைந்த தாது குறைவாக இருப்பது இயல்பு. இத்தகைய நீரில் அமிலத்தன்மை சீக்கிரம் மாறும். ஆகவே ஒரே நாளில் பாதித் தொட்டியை மாற்றுவதைவிட வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றுவது நல்லது. ஊராட்சிக் குழாய் நீரானால் குளோரினைக் கவனிக்கவேண்டும். மேல்நிலைத் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் வரும் தண்ணீரை மீன் தொட்டிக்கு எடுக்கவே கூடாது. மற்ற நாளில் 24 மணி நேரம் திறந்து வைத்து ஏர் பம்ப் ஓடவிட்டாலோ, பொட்டலத்தில் சொன்ன அளவு ஹைப்போ (குளோரின் நீக்கி) கலந்தாலோ போதும்.

முதலில் மின்சாரம்

மீன் பல்லால் யாரும் சாவதில்லை. ஈரக் கையும் பழுதான ஹீட்டரும் கொல்லும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. வயரிங்கில் பேஸ், நியூட்ரல் மாறியிருந்தால் அணைத்த பிறகும் ஒயரில் மின்சாரம் நிற்கும். பிளக்கையே உருவி, கண்ணுக்குத் தெரியும்படி தொட்டிமேல் வைக்கவேண்டும். 'கரண்ட் இல்லாத நேரம்தானே' என்று வேலையைத் தொடங்குவது மலைக் கிராமங்களில் அதிகம் காணப்படும் தவறு. கை உள்ளே இருக்கும்போதே கரண்ட் திரும்பி வரும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அது போகவே இல்லை.

தொட்டிக்கான இணைப்பில் 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபி (மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்துவது அவசியம். ஒவ்வொரு ஒயரும் பிளக் துளையைவிடக் கீழே தொங்கி, பிறகு மேலேறிச் செருகப்படவேண்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும்.

தடுப்புப் பலகை

தொட்டியின் உள் அகலத்துக்குச் சரியாக வெட்டிய அக்ரிலிக் தகடு சிறந்தது. 6 மில்லிமீட்டர் கனம் வேண்டும். மெல்லியது வளைந்து மீனுக்கு இடுக்கு கொடுக்கும். தண்ணீர் போய்வர சிறு துளைகள் போட்டு, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கவேண்டும். உயரம் தண்ணீர் மட்டத்தோடு நின்றால் பயனில்லை, மூடிவரை எட்டவேண்டும். அடியில் கூழாங்கல்லுக்குள் ஒரு விரற்கடை புதைந்து நிற்கவேண்டும். தெளிந்த தகட்டைவிடப் பால்நிறத் தகடு மேல். மறுபக்கம் அசையும் கையைப் பார்க்க முடிந்தால் ஃப்ளவர்ஹார்ன் தகட்டிலேயே முட்டி முட்டித் தலை மேட்டைப் புண்ணாக்கிக்கொள்ளும்.

வேலை வரிசை

1. அறை விளக்கைக் குறைத்து, தொட்டி விளக்கை அணைத்து 10 நிமிடம் விடவேண்டும். இருட்டில் பெரும்பாலான முரட்டு மீன்கள் அடங்கும். டார்ச் அடிப்பது கூடாது.

2. வாளி, குழாய், ஈரத் துண்டு, மூடியுள்ள டப்பா, சோப்பு படாத நீண்ட ரப்பர் கையுறை எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். மோதிரம், வளையல் கழற்றப்படவேண்டும். பளபளப்பு மீனை இழுக்கும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது.

3. ஹீட்டர் பிளக்கை முதலில் உருவவேண்டும். அது ஆற 20 நிமிடம் ஆகும். சூடான ஹீட்டர் தண்ணீர் மட்டத்துக்கு வெளியே வந்தால் கண்ணாடிக் கூடு வெடிக்கும்.

4. கண்ணாடிப் பாசியை வெளியிலிருந்தே காந்தத் துடைப்பானால் துடைக்கவேண்டும். உள் காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கல்மணி மாட்டினால் நீளக் கீறல் விழும் என்பதால், அடியில் இரண்டு அங்குலத்தை விட்டுவிட்டு அதை நீண்ட பிடித் துடைப்பானால் முடிக்கலாம்.

5. பில்டர், பவர் ஹெட் உட்பட மீதிப் பிளக்குகள் அனைத்தையும் உருவி, பேட்டரி ஏர் பம்பை ஓடவிடவேண்டும்.

6. தடுப்புப் பலகையை மீன் இல்லாத ஓரத்தில் இறக்கி, அங்குலம் அங்குலமாக மீனை நோக்கி நகர்த்தவேண்டும். விரட்டக் கூடாது. மீன் தானே பின்வாங்கும்; பலகையை முட்டினால் அப்படியே நிறுத்தி, அது திரும்பிய பிறகு தொடரவேண்டும். ஹீட்டரும் பெரிய கல்லும் மீன் பக்கம் சிக்காதிருப்பது முக்கியம். ஒதுக்கிய பகுதி மீன் திரும்புமளவு அகலமாவது இருக்கவேண்டும். மேலே மூடியைப் போட்டு ஈரத் துண்டை விரிக்கவேண்டும்.

7. இப்போது கை உள்ளே போகலாம். பலகைக்கு எதிர் ஓரத்திலிருந்து, மெதுவாக, விரல்களை மடக்கியபடி. நீட்டிய தனி விரல் புழுபோல் தெரியும். இன்னொருவர் பலகையைப் பிடித்துக்கொண்டு மீனை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது பாதுகாப்பு. கல், கட்டைகளைக் கழுவ எடுத்தால் இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கவேண்டும்.

8. அடிக்கழிவைச் சைபன் குழாயால் உறிஞ்சவேண்டும். குழாயை வாயால் இழுக்கக் கூடாது. கைப்பம்ப் உள்ள குழாய் கடையில் கிடைக்கும். இல்லையெனில் குழாய் முழுவதும் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் கட்டைவிரலால் அடைத்து இறக்கினாலும் ஓடும். கால் பங்கு, மிஞ்சினால் 30 சதவீதம் தண்ணீர் போதும்.

9. பில்டர் பஞ்சை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியவேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவினால் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அழிந்து, அடுத்த சில நாளில் அம்மோனியா ஏறும். பஞ்சையும் செராமிக் வளையங்களையும் ஒரே நாளில் கழுவாமல் மாற்றி மாற்றிக் கழுவுவது நல்லது.

10. வெப்பம் பார்த்த புதுத் தண்ணீரைக் கிண்ணத்தின் மேலோ கல்லின் மேலோ விழும்படி மெல்ல ஊற்றவேண்டும்.

11. ஹீட்டர் முழுவதும் மூழ்கியதை உறுதிசெய்து, கையைத் துடைத்தபின் பிளக்குகளைச் செருகவேண்டும். பில்டர் தண்ணீர் இழுப்பதைப் பார்த்த பிறகே பலகையை எடுக்கவேண்டும், அதுவும் மூடியைப் பாதி மூடிய நிலையில். விளக்கு ஒரு மணி நேரம் கழித்து.

12. முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவவேண்டும்.

6 முதல் 11 வரை ஒரு மணி நேரத்துக்குள் முடியவேண்டும். அதற்குமேல் நின்றுபோன மூடிய பில்டரில் ஆக்சிஜன் தீர்ந்து நீர் கெடத் தொடங்கும். பல மணி நேரம் நின்ற பில்டரானால் அதற்குள் உள்ள தண்ணீரைக் கொட்டி, பஞ்சைப் பிழிந்து, பிறகே ஓடவிடவேண்டும்.

மீனை வெளியே எடுக்க வேண்டி வந்தால்

தேவையில்லாமல் எடுக்காததே சிறந்த முறை. வாராந்தரச் சுத்தத்துக்கு மீனை வாளிக்கு மாற்றும் வழக்கம் பலரிடம் உண்டு. அது மீனை மேலும் முரடாக்குகிறது, செதிலையும் உரிக்கிறது. தொட்டி கசிகிறது, மருந்துத் தொட்டிக்கு மாற்றவேண்டும் என்றால் மட்டுமே எடுக்கலாம். அரையடிக்குள் உள்ள மீனுக்கு இரண்டு வலை: ஒன்று அசையாமல் காத்திருக்க, மற்றொன்று அதை நோக்கி மெல்ல ஓட்ட. அதைவிடப் பெரியதற்குத் தண்ணீருக்குள்ளேயே ஒரு பெரிய டப்பாவைச் சாய்த்து, மீன் உள்ளே நுழைந்ததும் நிமிர்த்தி, தண்ணீரோடு சேர்த்து மூடி எடுக்கவேண்டும். தூக்குவதற்கு முன் தொட்டித் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தால் துள்ளிக் குதிக்கும் உயரம் போதாமல் போகும்.

தரையில் விழுந்த மீனை உலர்ந்த கையாலோ காய்ந்த துணியாலோ பிடித்தால் மேல்தோல் கொழகொழப்பு உரிந்து பூஞ்சை பிடிக்கும். ஈரத் துண்டைத் தலையோடு சேர்த்துப் போர்த்தினால் கண் மறைந்து அடங்கும். அப்படியே சுருட்டி எடுத்துத் தண்ணீரில் விடலாம். தேளி, கெளுத்தியானால் துண்டும் பாதுகாப்பில்லை. முறத்தையோ தட்டையோ அடியில் நுழைத்துத் தூக்கவேண்டும்.

கழிவுநீரும் வேண்டாத மீனும்

எடுத்த தண்ணீர் வாழை, காபி, மிளகுக் கொடிக்கு நல்ல உரம். கல் உப்போ மருந்தோ போட்ட தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றக்கூடாது, ஓடையிலும் கொட்டக்கூடாது.

அடக்க முடியாத மீனை 'பாவம், பிழைத்துப்போகட்டும்' என்று ஓடையில் விடுவது புண்ணியமாகத் தோன்றும். கொல்லிமலையின் ஐயாறு ஆகாய கங்கை அருவியாக விழுந்து புளியஞ்சோலை வழியே காவிரிப் படுகைக்குப் போகிறது. மேலே விட்ட ஒரு ஜோடி, கீழே உள்ள கெண்டை, அயிரைக் குஞ்சுகளைத் தின்று பெருக இடமுண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க இந்திய அரசு 2000-ஆம் ஆண்டு தடை விதித்ததும் இத்தகைய அச்சத்தால்தான். வேண்டாத மீனை வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் சேர்க்கலாம்.

கடிபட்டால், முள் குத்தினால்

கடித்த மீன் பிடியை விடாவிட்டால் இழுக்கக் கூடாது. கையைத் தண்ணீருக்குள்ளேயே அசையாமல் வைத்தால் பெரும்பாலும் தானே விடும். பிறகு:

1. ஓடும் குழாய் நீரிலும் சோப்பிலும் 5 நிமிடம் கழுவவேண்டும். மஞ்சள், காபித்தூள் அப்புவது காயத்துக்குள் அழுக்கை அடைக்கும்.

2. சுத்தமான துணியை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தவேண்டும்.

3. கெளுத்தி, தேளி குத்தியிருந்தால் வெளியே தெரியும் முள்ளை எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் காயத்தை அமிழ்த்தவேண்டும். சூடு 45 டிகிரியைத் தாண்டக்கூடாது. வலியுள்ள கைக்குச் சூடு சரியாக உறைக்காது, ஆகவே மற்றக் கையை விட்டுப் பார்த்தே ஊற்றவேண்டும். வலி தணிய 30 முதல் 90 நிமிடம் ஆகலாம்.

4. காயம் ஆழமானாலும், முள் முறிந்து உள்ளே நின்றாலும், டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு, கொல்லிமலையில் என்றால் செம்மேடு அரசு மருத்துவமனைக்கு, போகவேண்டும். மூச்சுத்திணறல், மயக்கம், உடல் முழுதும் தடிப்பு இருந்தால் 108-ஐ அழைக்கவேண்டும், காத்திருக்கக் கூடாது.

5. ஓரிரு நாளில் காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, காய்ச்சல், சீழ் ஆகியவை தொற்றின் அடையாளம். சர்க்கரை நோயாளிகளுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இது வேகமாக முற்றும்.

இவை எதுவும் இல்லாமல் காயம் ஆறி, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து விரலிலோ புறங்கையிலோ வலியில்லாத சிறு கட்டி தோன்றி மெல்ல வளர்வதும் உண்டு. இது மீன் தொட்டி நீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் கிருமியால் வருவது. காசநோய்க் கிருமியின் உறவு. சாதாரணக் களிம்புக்கு அடங்காது, பல வாரம் மாத்திரை தேவைப்படும். வீட்டில் மீன் தொட்டி இருப்பதை மருத்துவரிடம் சொல்லாவிட்டால் இந்த நோயைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆகலாம்.